கை எட்டாத ஹேண்டில்பார்: இன்டர்செப்டர் 650-இல் எதை, எவ்வளவு மாற்றுவது?

பாலாற்றங்கரை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். நான்கு மாதங்களுக்கு முன், ஒருவர் ஓட்டிக்கொண்டிருந்த ராயல் என்ஃபீல்டு இன்டர்செப்டர் 650 வண்டியை வாங்கினேன். என் உயரம் 158 செ.மீ. வண்டியின் சீட் உயரம் 804 மி.மீ. என்பதால் முன்பாதங்கள் மட்டுமே தரையில் படுகின்றன. தடித்த அடிப்பாகமுள்ள பூட்ஸ் அணிந்து அதற்குப் பழகிக்கொண்டேன். பழக முடியாமல் இருப்பது ஹேண்டில்பார்தான்.

வேலூரிலிருந்து சென்னைக்குச் செல்லும்போது, காஞ்சிபுரம் பிரிவை நெருங்குவதற்குள் தோள்பட்டைகளுக்கு நடுவே வலி தொடங்கிவிடுகிறது. ஏறக்குறைய அதே நேரத்தில் வலது கையின் சுண்டுவிரலும் மோதிரவிரலும் மரத்துப் போகின்றன. மெதுவாக யூ-டர்ன் எடுக்கும்போது வேறொரு சிக்கல். வண்டியை வலப்புறம் முழுவதும் திருப்பினால், இடது கை முழங்கை மடங்காமல் நேராக நீண்டுவிடுகிறது. உடலையே முன்னால் இழுத்துக்கொண்டு போகிறது. ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறி இறங்கிய அன்று, இரவு முழுவதும் தோளுக்கு ஒத்தடம் கொடுக்க வேண்டியிருந்தது.

கேட்ட இடத்திலெல்லாம் வேறு வேறு யோசனை சொல்கிறார்கள். ஒரு கடைக்காரர், ஹேண்டில்பாருக்கு அடியில் வைத்து அதை உயர்த்தும் ரைசர் என்ற துண்டை 25 மி.மீ. அளவில் போட்டால் போதும் என்கிறார். இன்னொருவர் நடுவில் தடித்து முனைகளில் மெலியும் அலுமினிய ஹேண்டில்பார்தான் இப்போது எல்லோரும் போடுவது என்கிறார். எங்கள் தெரு மெக்கானிக், இருக்கும் ஹேண்டில்பாரையே கேஸ் வைத்துச் சூடாக்கி உள்பக்கமாக வளைத்துத் தருவதாகச் சொல்கிறார். செலவு மிகவும் குறைவு. இவற்றில் எது எனக்குப் பொருந்தும்? கிளட்ச் கேபிள், ஆக்சிலேட்டர் கேபிள், பிரேக் ஹோஸ் ஆகியவற்றின் நீளம் போதுமா? இப்படி மாற்றுவதைச் சட்டம் அனுமதிக்கிறதா? அனுபவமுள்ளவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

பழைய பட்டறை எழுதியது:

அம்மா, முதலில் அந்தக் கேஸ் வேலையை மறந்துவிடுங்கள். சூடாக்கி வளைத்த குழாய் வெளியே பளபளப்பாகத் தெரிந்தாலும், வளைந்த இடத்தில் சுவர் மெலிந்து, உலோகத்தின் பதமும் மாறியிருக்கும். என்றைக்காவது பள்ளத்தில் இறங்கும்போது உங்கள் உடல் எடை முழுவதும் அந்த இடத்தில்தான் விழும். முப்பது ஆண்டுகள் பட்டறை நடத்திய நான், கீழே விழுந்து வளைந்த ஹேண்டில்பாரைக்கூட நிமிர்த்திக் கொடுத்ததில்லை. அதற்காகக் கோபித்துக்கொண்டு போனவர்கள் உண்டு.

அடுத்ததாக, எதையும் வாங்காதீர்கள். இன்னும் ஒரு வாரத்துக்காவது வாங்காதீர்கள். நீங்கள் கேட்டிருப்பது எந்தப் பொருளைப் போடுவது என்று. எத்தனை மில்லிமீட்டர், எந்தத் திசையில் வேண்டும் என்பது தெரியாமல் அதற்கு விடை சொல்ல முடியாது. கடையில் இருப்பவருக்கு உங்கள் கை நீளம் தெரியாது. அவரிடம் இருப்பில் உள்ள பொருள்தான் தெரியும்.

அளக்கும் முறை எளிது. சமதரையில் ஒருவர் வண்டியை நேராகப் பிடித்துக்கொள்ளட்டும். நீங்கள் வழக்கமாக அணியும் ஜாக்கெட், கையுறையுடன் ஏறி, கால்களை ஃபுட்ரெஸ்டில் வைத்து, முதுகு எவ்வளவு சாய்ந்தால் சுகமாக இருக்கிறதோ அவ்வளவு சாய்ந்து அமருங்கள். கண்களை மூடிக்கொண்டு, முழங்கை சற்றே மடங்கியிருக்க, ஹேண்டில்பார் இருந்தால் நன்றாக இருக்கும் என்று உடல் விரும்பும் இடத்தில் கைகளை நீட்டி விரல்களை மடக்குங்கள். இன்னொருவர் உங்கள் முஷ்டியின் நடுவிலிருந்து கிரிப்பின் நடுவரை மூன்று அளவுகளை எடுக்க வேண்டும்: எவ்வளவு பின்னால், எவ்வளவு மேலே அல்லது கீழே, எவ்வளவு உள்ளே. ஒருமுறை எடுத்தால் நம்ப வேண்டாம். இறங்கி, நடந்துவிட்டு வந்து மறுபடி ஏறி, மூன்று முறை எடுத்துச் சராசரி பாருங்கள். கண்ணைத் திறந்துகொண்டு அளந்தால், கை தானாகவே இருக்கும் கிரிப்பை நோக்கிப் போய்விடும் என்பதால்தான் கண்ணை மூடச் சொல்கிறேன்.

அளந்த பின், செலவில்லாத திருத்தங்களைச் செய்து பாருங்கள். நடுவில் குழாயை இறுக்கிப் பிடிக்கும் கிளாம்ப்பின் போல்டுகளைத் தளர்த்தி ஹேண்டில்பாரைச் சற்றுப் பின்பக்கம் சுழற்றலாம். கிளாம்ப்பின் மையத்திலிருந்து கிரிப் 10 செ.மீ. உயரத்தில் இருப்பதாக வைத்துக்கொண்டால், 5 டிகிரி சுழற்றுவதற்குக் கிரிப் ஏறத்தாழ 9 மி.மீ. பின்னால் வரும். அதற்கு மேல் சுழற்றினால் கிரிப்பின் முனைகள் கீழ்நோக்கிச் சரிந்து, மணிக்கட்டு கோணலாகிவிடும். பிறகு கிளட்ச், பிரேக் லீவர்களின் சாய்வைப் பாருங்கள். இரண்டு விரல்களை லீவரின்மேல் வைக்கும்போது முன்கை, மணிக்கட்டு, விரல் எல்லாம் ஒரே கோட்டில் இருக்க வேண்டும். ஹேண்டில்பாரைச் சுழற்றினால் பிரேக் ஆயில் கிண்ணமும் சேர்ந்து சாயும். அதைத் தளர்த்தி மறுபடி மட்டமாக வைக்க மறக்காதீர்கள்.

சீட்டையும் ஒருமுறை சந்தேகப்படுங்கள். பழைய வண்டியில் ஃபோம் அமுங்கி முன்பக்கம் சரிந்திருந்தால், ஒவ்வொரு பிரேக்குக்கும் நீங்கள் டேங்கை நோக்கி வழுக்குவீர்கள். அதைத் தடுக்கக் கைகள் உந்திக்கொண்டே இருக்கும். அந்த வலியை ஹேண்டில்பாரின் தலையில் கட்டுவது நியாயமில்லை.

மருதமலை அடிவாரம் எழுதியது:

என் உயரம் 183 செ.மீ. நானும் இதே வண்டிதான் வைத்திருக்கிறேன். 25 மி.மீ. ரைசர் போட்ட பிறகு கோவையிலிருந்து மைசூரு வரை சிரமமின்றிப் போய் வருகிறேன். ரைசர் நல்ல தீர்வு என்பதே என் அனுபவம். ஆனால் அதற்கு முன் செய்த ஒரு தவறையும் சொல்லியாக வேண்டும். உங்களிடம் சொல்லப்பட்ட அந்தத் தடித்த அலுமினிய ஹேண்டில்பாரைத்தான் நான் முதலில் வாங்கினேன், அதுவும் படத்தில் பார்த்த அழகுக்காக.

கிரிப் பிடிக்கும் இடத்தில் பெரும்பாலான வண்டிகளில் குழாயின் விட்டம் 22 மி.மீ. தான். ஆனால் கிளாம்ப் பிடிக்கும் நடுப்பகுதியில் 22, 25.4, 28.6 என்று மூன்று வகை உண்டு. இன்டர்செப்டரில் இருப்பது குறுக்குக் கம்பியுடன் கூடிய 22 மி.மீ. குழாய். நான் வாங்கியது 28.6. வண்டியோடு வந்த கிளாம்ப்பில் அது உட்காரவே இல்லை. அதற்கென்று மாற்று கிளாம்ப் வாங்கினேன். அது ஹேண்டில்பாரை மேலும் உயர்த்தியது. உயர்ந்ததோடு அகலமாகவும் இருந்ததால் கேபிள்கள் விறைப்பாக நின்றன. பொருத்திய கடையில் வண்டியை நேராக நிறுத்தி ஆக்சிலேட்டரைத் திருகிப் பார்த்துவிட்டு எல்லாம் சரி என்று அனுப்பிவிட்டார்கள். மறுநாள் காலை ஒரு குறுகிய சாலையில் யூ-டர்ன் எடுத்தபோது, ஹேண்டில் முழுவதும் திரும்பிய அந்த நொடியில், நான் திருகாமலேயே இன்ஜின் உறுமியது. கேபிள் இழுபட்டதால் ஆக்சிலேட்டர் தானாகத் திறந்துகொண்டது. வண்டியைக் கீழே போடாமல் தப்பித்தது அதிர்ஷ்டம்.

அதற்குப் பின் நான் கடைப்பிடிக்கும் சோதனை இது. ஆக்சிலேட்டரைத் திருகாமல் இன்ஜின் ஐட்லிங்கில் ஓட, கியர் நியூட்ரலில் இருக்க, ஹேண்டிலை இடக்கோடி முதல் வலக்கோடி வரை மெதுவாகத் திருப்ப வேண்டும். ஐட்லிங் ஒலி கொஞ்சமும் மாறக்கூடாது. இரு கோடிகளிலும் கிளட்ச் லீவரில் தளர்வு அப்படியே இருக்க வேண்டும். பிரேக் ஹோஸ் எங்கும் விறைக்கக்கூடாது. அதை முன்சக்கரம் தரையில் இருக்கும்போது மட்டும் பார்த்தால் போதாது, வண்டியைத் தூக்கி நிறுத்தி, முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க் முழுவதும் நீண்டிருக்கும்போதும் பார்க்க வேண்டும். கோடியில் திருப்பும்போது உங்கள் கட்டைவிரல் ஹேண்டிலுக்கும் டேங்குக்கும் நடுவே நசுங்குகிறதா என்றும் பாருங்கள்.

இன்னொரு சின்ன விஷயம் பலருக்குத் தெரிவதில்லை. சுவிட்ச் பெட்டிக்குள் ஒரு சிறு முளை இருக்கும். ஹேண்டில்பாரில் உள்ள துளைக்குள் அது உட்காரும். புதிய ஹேண்டில்பாரில் அந்தத் துளை இருக்காது. சில கடைகளில் முளையை வெட்டி எறிந்துவிட்டு இறுக்கிவிடுகிறார்கள். ஓரிரு மாதங்களில் ஆக்சிலேட்டரோடு சேர்ந்து சுவிட்ச் பெட்டியும் சுழலத் தொடங்கும். எல்லாவற்றையும் தற்காலிகமாக மாட்டி, இடத்தை உறுதி செய்துகொண்டு, அதன் பிறகே துளையிட வேண்டும். அலுமினியமாக இருந்தால், துளையிடலாமா என்று தயாரிப்பாளர் சொல்லியிருப்பதைப் படித்த பிறகே டிரில்லைத் தொட வேண்டும்.

மெல்ல நட எழுதியது:

நான் இயன்முறை மருத்துவத் துறையில் வேலை செய்கிறேன். வார இறுதிகளில் வண்டி ஓட்டுகிறேன். கேள்வி கேட்டவர் எந்த விரல்கள் மரத்துப்போகின்றன என்று குறிப்பிட்டிருப்பது நல்ல தடயம்.

சுண்டுவிரலுக்கும் மோதிரவிரலின் ஒரு பாதிக்கும் உணர்ச்சி தருவது அல்நார் நரம்பு. அது உள்ளங்கையில் சுண்டுவிரல் பக்கமுள்ள மேட்டின் அருகே, தோலுக்கு அதிக ஆழமில்லாமல் செல்கிறது. உடலின் எடை அந்த மேட்டின்வழியாகக் கிரிப்பில் இறங்கினால் நரம்பு அழுத்தப்படும். கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மரத்திருந்தால் மணிக்கட்டின் நடுவே செல்லும் மீடியன் நரம்பைச் சந்தேகித்திருப்பேன். மணிக்கட்டை மேல்நோக்கி மடித்தபடி நெடுநேரம் ஓட்டுபவர்களுக்கு அது வரும். உங்களுக்கு வலது கையில் மட்டும் வருவதற்கு, ஆக்சிலேட்டரை ஒரே நிலையில் பிடித்துக்கொண்டிருப்பது ஒரு காரணமாக இருக்கலாம். எட்டாத கிரிப்பை எட்டிப் பிடிப்பவர்கள் அறியாமலேயே இறுக்கிப் பிடிப்பார்கள். இறுக்கிப் பிடித்தால் அதிர்வும் அதிகமாகக் கைக்குள் ஏறும்.

தோள்பட்டைகளுக்கு நடுவே வரும் வலி, கைகள் முன்னால் இழுபட்ட நிலையில் தோள்பட்டை எலும்புகளைப் பிடித்து நிறுத்த முதுகுத் தசைகள் ஓயாமல் உழைப்பதால் வருவது. ஆகையால் உங்களுக்கு வேண்டியது கைகள் அருகில் வருவது. உயர்வது வேண்டுமா என்பதை அளந்த பிறகே சொல்ல முடியும். தேவைக்கு மேல் உயர்த்தி நிமிர்ந்து உட்கார்ந்தால், கையில் இருந்த எடை இடுப்புக்கும் முதுகுத்தண்டின் அடிப்பகுதிக்கும் போகும். குழியில் விழும் அதிர்ச்சி நேராக அங்கே இறங்கும். எதிர்க்காற்றும் மார்பில் மோதும். வண்டியை விட்டு இறங்கிப் பல மணி நேரம் ஆன பிறகும் மரப்பு நீடித்தால், ஹேண்டில்பாரை ஒதுக்கிவைத்து முதலில் மருத்துவரைப் பாருங்கள்.

பாலாற்றங்கரை எழுதியது:

பதில் எழுதிய அனைவருக்கும் நன்றி. பழைய பட்டறை ஐயா சொன்னபடி, என் தம்பி வண்டியைப் பிடித்துக்கொள்ள, அப்பா அளவுகோலோடு நிற்க, மூன்று முறை அளந்தோம். அளவுகள் ஒன்றுக்கொன்று 5 மி.மீ.க்கு மேல் வேறுபடவில்லை என்பது எனக்கே வியப்பாக இருந்தது. சராசரியாக என் முஷ்டி கிரிப்பைவிட 35 மி.மீ. பின்னாலும், ஒவ்வொரு பக்கமும் 25 மி.மீ. உள்ளேயும், 5 மி.மீ. கீழேயும் நிற்கிறது. மேலே ஏதும் தேவைப்படவில்லை.

ஹேண்டில்பாரைக் கொஞ்சம் பின்னால் சுழற்றி, லீவர்களைக் கீழ்நோக்கிச் சாய்த்து இரண்டு நாட்கள் ஓட்டினேன். விரல் மரப்பு ஏறத்தாழப் பாதி குறைந்துவிட்டது. முதுகு வலியிலும் யூ-டர்னிலும் பெரிய மாற்றம் இல்லை. சீட் சரியாகத்தான் இருக்கிறது. முந்தைய உரிமையாளர் அதிகம் ஓட்டவில்லை.

இப்போது இரண்டு கேள்விகள். ரைசர் போட்டால் ஹேண்டில்பார் பின்னாலும் வரும் என்று கடைக்காரர் உறுதியாகச் சொல்கிறார், அது உண்மையா? ஒவ்வொரு பக்கமும் 25 மி.மீ. வேண்டும் என்றால், இருக்கும் ஹேண்டில்பாரின் முனைகளையே அறுத்துவிட்டால் போதாதா?

பழைய பட்டறை எழுதியது:

அளந்துவிட்டு வந்ததற்கு மகிழ்ச்சி. இனி பேச்சு எளிது.

ரைசர் பற்றிக் கடைக்காரர் சொன்னது பொய்யில்லை. ஆனால் உங்களுக்குப் போதுமான உண்மையும் இல்லை. ஃபோர்க் செங்குத்தாக நிற்பதில்லை. இன்டர்செப்டரில் அது 24 டிகிரி பின்னால் சாய்ந்திருக்கிறது. நேரான ரைசர் அந்தச் சாய்வின் வழியாகவே ஹேண்டில்பாரைத் தூக்கும். எனவே 25 மி.மீ. ரைசர் போட்டால் கிரிப் ஏறத்தாழ 23 மி.மீ. மேலேயும் 10 மி.மீ. பின்னாலும் வரும். மருதமலை அடிவாரம் நண்பர் 183 செ.மீ. உயரம்; அவருக்கு மேலே வேண்டியிருந்தது, கிடைத்தது. உங்களுக்கு வேண்டியது 35 பின்னால், கிடைப்பது 10. வேண்டாத 23 மி.மீ. உயரம் உங்கள் தோள்களை மேலே தூக்கும். பழைய வலி புதிய இடத்துக்குக் குடிபெயரும். பின்பக்கம் தள்ளி அமைத்த ரைசர்களும் உண்டு. அவையும் சேர்த்து உயர்த்தவே செய்யும். லேத் பட்டறையில் கடைந்து தருவதாகச் சொன்னால் ஒப்புக்கொள்ள வேண்டாம். எந்த உலோகம் என்று கடைந்தவருக்கே தெரியாத ரைசர்களை நான் பார்த்திருக்கிறேன்.

முனையை அறுப்பதிலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. ஹேண்டில்பாரின் முனைகள் உங்களை நோக்கிப் பின்னால் வளைந்து வருகின்றன. அதாவது கைக்கு மிக அருகில் இருக்கும் பகுதி முனைதான். அதை அறுத்தால் கிரிப் உள்ளே நகரும்போதே முன்னாலும் நகரும். பின்வளைவு 20 டிகிரி என்று கொண்டால், 25 மி.மீ. அறுப்பதற்கு எட்டரை மில்லிமீட்டர் முன்னால் போய்விடும். உங்கள் 35, ஏறத்தாழ 44 ஆகிவிடும். அகலம் மட்டுமே உறுத்துகிறவர் அறுக்கலாம். எட்டாமல் தவிக்கிறவர் அறுக்கக்கூடாது.

இருந்தாலும் அகலம் குறைய வேண்டும் என்ற உங்கள் எண்ணம் சரியானதே. யூ-டர்னில் உங்கள் கையை இழுப்பது அகலம்தான். நடுவிலிருந்து கிரிப் 35 செ.மீ. தள்ளி இருந்தால், ஹேண்டிலை 30 டிகிரி திருப்பும்போது வெளிப்பக்கக் கிரிப் 17 செ.மீ.க்கு மேல் முன்னால் ஓடுகிறது. அதே கிரிப் 25 மி.மீ. உள்ளே இருந்தால் அந்த ஓட்டம் ஒன்றேகால் செ.மீ. குறையும். அதோடு 35 மி.மீ. பின்னாலும் வந்துவிட்டால் கை நேராகாது. குறுகலுக்கு ஒரு விலை உண்டு. அகலமான ஹேண்டில்பார் நீண்ட நெம்புகோல் மாதிரி. குறுகினால் திருப்பச் சற்றுக் கூடுதல் விசை வேண்டும். மொத்தம் 50 மி.மீ. குறைவதால் பெரிய சிரமம் ஏற்படாது.

ஆகவே நீங்கள் தேட வேண்டியது இப்படி ஒன்று: நடுவில் 22 மி.மீ. குழாய், இப்போதுள்ளதைவிடக் குறுகல், 30 முதல் 35 மி.மீ. கூடுதலாகப் பின்னால் வருவது, உயரம் அதே அளவு அல்லது சற்றுக் குறைவு. எஃகே போதும். அலுமினியம் எடை குறைவு என்பது உண்மை. ஆனால் எஃகு அடிபட்டால் வளைந்து காட்டும், அலுமினியத்தில் விரிசல் கண்ணுக்குத் தெரியாமல் வளரக்கூடும். பெயர்பெற்ற நிறுவனங்கள், உதாரணமாக இங்கிலாந்தின் ரென்தால், தங்கள் ஹேண்டில்பார்களுக்கு அகலம், உயரம், பின்வளைவு எல்லாவற்றையும் அட்டவணையாகத் தருகின்றன. ஆனால் பின்வளைவை எங்கிருந்து எங்கே அளக்கிறார்கள் என்பது நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும்; இரண்டு நிறுவனங்களின் எண்களை அப்படியே ஒப்பிடாதீர்கள்.

இதற்கு என் பட்டறை வழி ஒன்று உண்டு. உங்கள் ஹேண்டில்பாரைக் கழற்றி, பெரிய கெட்டி அட்டையின்மேல் வைத்து, மேலிருந்து பார்க்கும் வடிவத்தைப் பென்சிலால் வரைந்துகொள்ளுங்கள். உங்களுக்கு வேண்டிய முனையின் இடத்தை அதே அட்டையில் சிவப்பு மையால் குறியுங்கள். சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் சாலைக்கு அந்த அட்டையோடு போய், கடையில் எடுத்துக் காட்டும் ஒவ்வொரு ஹேண்டில்பாரையும் அதன்மேல் வைத்துப் பாருங்கள். முதல் கடையில் சிரிப்பார்கள். மூன்றாவது கடைக்குள் பொருள் கிடைத்துவிடும்.

பொருத்தும்போது கவனிக்க வேண்டியவை. கிளாம்ப் பிடிக்கும் இடத்தில் கிரீஸோ எண்ணெயோ இருக்கக்கூடாது. குழாய் சுழலாமல் இருக்க அங்கே சொரசொரப்பு கொடுத்திருப்பார்கள். அது கிளாம்ப்புக்குள் முழுவதும் அடங்க வேண்டும். விட்டம் பொருந்தாத குழாய்க்குத் தகரம் சுற்றி இறுக்குவது தற்கொலைக்குச் சமம். பல வண்டிகளில் கிளாம்ப் மூடியில் ஒரு புள்ளியோ அம்புக்குறியோ இருக்கும். அது முன்பக்கம் பார்க்க வேண்டும், முன் போல்டுகளை முதலில் முழுவதும் இறுக்கிவிட்டுப் பின் போல்டுகளை இறுக்க வேண்டும், பின்னால் தெரியும் இடைவெளி இருக்க வேண்டியதே. வேறு சில வண்டிகளில் இருபுறமும் சம இடைவெளி விட வேண்டும். உங்கள் வண்டியின் சர்வீஸ் கையேடு எதைச் சொல்கிறதோ அதைச் செய்யுங்கள். இந்த இடத்தில் வரும் 8 மி.மீ. போல்டுகளுக்குப் பொதுவாக 20 முதல் 25 நியூட்டன் மீட்டர் இறுக்கம் இருக்கும்; இறுதி எண் கையேட்டில் உள்ளதே. இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச் இல்லாத கடையில் இந்த வேலையைக் கொடுக்காதீர்கள்.

கேபிள்களைப் பொறுத்தவரை, 35 மி.மீ.க்குப் பெரும்பாலும் வழியை மாற்றிவிட்டாலே போதுமானதாக இருக்கும். ஹெட்லைட்டைச் சுற்றிப் போகும் கேபிள்களின் கட்டுகளை அவிழ்த்து, குறுக்கு வழியில் விட்டுப் பாருங்கள். உங்கள் வண்டியில் ஆக்சிலேட்டர் கேபிள் வகை என்பதால் மேலே நண்பர் சொன்ன சோதனை கட்டாயம். பிரேக் ஹோஸ் மட்டும் போதவில்லை என்றால் இழுத்து ஒப்பேற்ற வேண்டாம், நீளமானதை வாங்குங்கள். அப்போது ஹோஸ் இணையும் இடத்தில் உள்ள செப்பு வாஷர்களைப் புதிதாகப் போட்டு, புதிய பிரேக் ஆயில் ஊற்றிக் காற்றை முழுவதும் வெளியேற்ற வேண்டும். அந்த ஆயில் சொட்டினால் டேங்க் பெயின்ட் உரிந்துவிடும். துணியைப் போர்த்திவிட்டு வேலை செய்யச் சொல்லுங்கள்.

மருதமலை அடிவாரம் எழுதியது:

ஐயாவின் கணக்கைப் பார்த்த பிறகு என் வண்டியில் அளந்து பார்த்தேன். எனக்கு வந்திருப்பதும் ஏறத்தாழ 23 மி.மீ. உயரமே. ரைசரைப் பொதுவான தீர்வாக நான் சொன்னது தவறு. அது என் உடம்புக்கான தீர்வு.

கோப்பும் குறிப்பும் எழுதியது:

சட்டம் பற்றிய கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லை என்பதால் எழுதுகிறேன். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் முதலில் குறித்தவற்றிலிருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றக்கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் கேரளத்திலிருந்து வந்த ஒரு வழக்கில் இதை உறுதிப்படுத்தியது. அதே ஆண்டின் திருத்தத்தில் சேர்க்கப்பட்ட 182ஏ பிரிவின்படி, அனுமதிக்கப்படாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம்.

ஆர்.சி. புத்தகத்தில் இன்ஜின் எண், சேசிஸ் எண், நிறம், எரிபொருள் போன்றவை இருக்கின்றன; ஹேண்டில்பாருக்கென்று கட்டம் இல்லை. ஆகவே அளவான மாற்றம் இந்தப் பிரிவின் நேரடி இலக்கு இல்லை என்பது என் கருத்து. ஆயினும் சாலையில் நிறுத்தும் அதிகாரியோ, விபத்துக்குப் பின் வரும் காப்பீட்டு மதிப்பீட்டாளரோ என் கருத்துக்குக் கட்டுப்பட்டவர்கள் இல்லை. மாற்றத்தைக் காப்பீட்டு நிறுவனத்துக்கு எழுத்தில் தெரிவித்துப் பதிலை வைத்துக்கொள்ளுங்கள். பொருள் வாங்கிய ரசீதும் இருக்கட்டும். கழற்றிய ஹேண்டில்பாரை விற்றுவிடாதீர்கள்.

பாலாற்றங்கரை எழுதியது:

மூன்று வாரங்களுக்குப் பிறகு எழுதுகிறேன், மன்னிக்கவும்.

அட்டையோடு போனேன். முதல் கடையில் சிரிக்கத்தான் செய்தார்கள். எனக்குப் பொருள் கிடைத்தது நான்காவது கடையில். எஃகு, 22 மி.மீ., பழையதைவிட மொத்தம் 45 மி.மீ. குறுகல். சிவப்புக் குறிக்கு 4 மி.மீ. முன்னால் நின்றது, அதைக் கிளாம்ப்பில் சற்றுச் சுழற்றிச் சரிசெய்துகொண்டோம். சுவிட்சுகளுக்கான துளைகளை, எல்லாவற்றையும் தற்காலிகமாக மாட்டி ஒரு நாள் முழுவதும் ஓட்டிப் பார்த்த பிறகே இட்டோம். நல்லவேளை, முதலில் நினைத்த இடத்தில் இட்டிருந்தால் இடது சுவிட்ச் என் கட்டைவிரலுக்கு எட்டாமல் போயிருக்கும்.

ஆக்சிலேட்டர் கேபிளும் பிரேக் ஹோஸும் வழியை மாற்றியதோடு சரியாகிவிட்டன. கிளட்ச் கேபிள் மட்டும் ஒரு கோடியில் தளர்வை இழந்தது. ஹெட்லைட்டுக்கு முன்னால் சுற்றிச் சென்றதைப் பின்பக்கமாகக் கொண்டுவந்ததும் தளர்வு திரும்பியது. ஐட்லிங் இரு கோடிகளிலும் மாறவில்லை.

கடந்த சனிக்கிழமை சென்னைக்குப் போனேன். காஞ்சிபுரம் பிரிவை வலி நினைவே இல்லாமல் கடந்தேன். ஸ்ரீபெரும்புதூர் நெரிசலில் தோள் கொஞ்சம் இறுகியது. மரப்பு வரவில்லை. யூ-டர்னில் இடது முழங்கை இப்போது மடங்கியே இருக்கிறது. குறை ஒன்று உண்டு: முழுவதும் திருப்பும்போது ஹேண்டில்பாரின் உள்பக்க முனை என் தொடைக்கு மிக அருகில் வருகிறது, சேலம் போகும் நீண்ட பயணத்துக்குத் தொடைப்பகுதியில் தடித்த பாதுகாப்புள்ள பேன்ட் போட்டால் இடிக்குமா என்று பார்க்க வேண்டும். காப்பீட்டு நிறுவனத்துக்குக் கடிதம் அனுப்பிவிட்டேன். பழைய ஹேண்டில்பார் துணி சுற்றிப் பரணில் இருக்கிறது. அந்த அட்டையை அப்பா தூக்கிப் போடவிடாமல் எடுத்துவைத்துவிட்டார்.

பழைய பட்டறை எழுதியது:

நல்லது அம்மா. கிளாம்ப் மூடிக்கும் ஹேண்டில்பாருக்கும் குறுக்கே வெள்ளைப் பெயின்டில் மெல்லிய கோடு ஒன்று இழுத்துவிடுங்கள். 500 கி.மீ. ஓடியதும் கோடு முறிந்திருக்கிறதா என்று பாருங்கள். முறிந்திருந்தால் குழாய் நழுவுகிறது என்று பொருள். அப்போது போல்டை மேலும் இறுக்காமல், கிளாம்ப்பைக் கழற்றி உள்ளே எண்ணெய் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.